நெற்றிக்குள் சேவல் கொண்டை

எக்ஸ்ரே படத்தின்படி சதாசிவம் ஒரு பெண்.

படத்தில் கோளாறு இல்லை. பக்கத்து அறை ரஹீமைக் கூப்பிட்டுப் பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு, தன் நெற்றியையும் மூக்கையும் பலகையில் ஒட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். இருட்டறையில் கழுவி, காயவைத்து, விளக்குப் பெட்டியில் மாட்டி, அளவுகோலை வைத்து அளந்தார். நெற்றி எலும்புக்குள் ஒரு காற்றறை உண்டு. சளி பிடித்தால் கனத்து வலிக்குமே, அந்த இடம். சைனஸ் என்பார்கள். அதன் உயரமும் அகலமும் இன்ன அளவுக்குக் கீழே இருந்தால் பெண் என்று டாக்டர் கார்த்திகேசுவிடம் இருந்த அட்டவணை சொன்னது. சதாசிவத்துக்கு இரண்டுமே கீழேதான் இருந்தன. நாற்பத்தாறு வயது, முறுக்கு மீசை, நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பன். மீசையைத் தடவிக்கொண்டு, "நல்லாருக்குய்யா ஒங்க அட்டவணை" என்று படத்தைப் பார்த்துச் சொன்னார்.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அவருக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் பற்றிக்கொண்டு வந்தது. இதே அட்டவணைதான் நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு மண்டையோட்டைப் பெண் என்று சொல்லி ஒருத்தியின் வாழ்க்கையைக் கெடுத்திருந்தது.

அது 1985ஆம் வருடம். மலேசியாவில், ஈப்போவில் அவர் வேலை பார்த்தது எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. எக்ஸ்ரே அறையில் இருபது வருடம் நின்றவர். பேராக் மாநிலம் முழுவதிலும் இருந்து வந்த மார்பும் முதுகும் காலும் தலையும் அவர் கையால் படமாகியிருக்கின்றன. ஆனால் படம் எடுப்பது மட்டும்தான் அவர் வேலை. படத்தைப் பார்த்து முடிவு சொல்வது டாக்டரின் வேலை. இவர் ஏதாவது வாயைத் திறந்தால், "நீர் படத்தை எடும், மிச்சத்தை நான் பாக்கிறன்" என்று கார்த்திகேசு முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், சீமையில் படித்தவர், கெட்ட மனிதர் இல்லை. தன் கையில் இருக்கும் புத்தகம் தப்பாக இருக்கலாம் என்று நினைக்கத் தெரியாதவர், அவ்வளவுதான்.

மண்டையோடு சிலிம் ரிவர் பக்கத்து ஏழாங்கட்டைத் தோட்டத்திலிருந்து வந்தது. கிழட்டு ரப்பர் மரங்களையெல்லாம் தள்ளிவிட்டு எண்ணெய்க்கான செம்பனை போடப் புதுக் கம்பெனி மண்ணைக் கிளறியபோது, கீழ்க்காட்டு அல்லூரில், அதாவது மழைத்தண்ணீர் ஓடும் பெரிய கால்வாயில், சேற்றோடு சேர்ந்து மேலே வந்தது. மண்வாரி இயந்திரம் பின்மண்டையை நொறுக்கிவிட்டது. கீழ்த்தாடை இல்லை. ஆணா பெண்ணா என்று பார்த்தவுடன் சொல்லக்கூடிய இடுப்பெலும்பு கிடைக்கவே இல்லை. போலீஸ்காரர்கள் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். டாக்டர் கார்த்திகேசு அப்போதுதான் வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் சைனஸ் அளவை வைத்து ஆண் பெண் கண்டுபிடிக்கும் கட்டுரையைப் படித்துவிட்டுக் கைபரபரத்துக் கொண்டிருந்தார். படம் எடுக்கச் சொன்னார், அளந்தார், அட்டவணையைப் பார்த்தார், எழுதினார்.

அவர் எழுதியது என்னவோ, "அநேகமாகப் பெண்ணாக இருக்கக்கூடும்" என்றுதான். போலீஸ் கடிதத்தில் 'அநேகமாக' காணாமல் போயிற்று. தோட்டத்துக்குச் செய்தி போனபோது 'இருக்கக்கூடும்' காணாமல் போயிற்று. பெண் என்பது மட்டும் மிச்சம்.

டாக்டர் எழுதிய அன்று சாயங்காலமே எக்ஸ்ரே அறை வாசலில் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு கருப்பம்மாள் நின்றாள். அந்தத் தோட்டத்துக்காரி. லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளை இடித்தபின் மகளோடு ஈப்போவுக்கு வந்து ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கும் வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"அண்ணே, ஒன்னு கேக்கட்டா? எங்க தோட்டத்துலேருந்து வந்த தல... அது ஆம்பளையா?"

"பொம்பளைன்னு டாக்டர் எழுதிட்டாரு. ஏன்?"

அவள் துடைப்பத்தின் நுனியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க வீட்டுக்காரரு எழுபத்து மூணுல காணாமப் போனாரு. பத்துமலைன்னு பேரு. மழ நேரம், அல்லூருப் பக்கந்தான் போனாரு, மீன் புடிக்கிற பூபு வச்சிருந்தாரு அங்க. திரும்பி வரல. கோயில் தலைவரு அப்பாவு, எங்க வீட்டுக்காரரு சிலிம் ரிவர்ல பஸ் ஏறினத கண்ணால பாத்தேன், கூட ஒரு சயாம்காரி இருந்தான்னு சொல்லிட்டாரு. பன்னெண்டு வருசமா நான் ஓடிப்போனவன் பொண்டாட்டிண்ணே. அல்லூருல தல கெடைச்சிருக்குன்னு கேட்டதும், ஓடலையோன்னு நெனச்சேன்."

ஒரு மனைவி தன் புருஷன் செத்திருக்க மாட்டானா என்று ஆசைப்பட்டு நிற்பதை சதாசிவம் அன்றுதான் பார்த்தார். அவள் கேட்டது அதைத்தான். செத்திருந்தால் விதவை, அழுது முடித்துவிடலாம். ஓடியிருந்தால் அழுவதற்குக்கூட உரிமை இல்லை. மகள் கோகிலாவைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள், அப்பா எங்கே என்று கேட்டுவிட்டு, பசியாறிவிட்டு, அப்படியே போய்விட்டன.

"பொம்பளன்னா சரி போ. அப்ப அந்த ஆளு ஓடித்தான் போயிருக்காரு" என்று சொல்லிவிட்டு அவள் தாழ்வாரத்தைக் கூட்டப் போனாள்.

சதாசிவம் அந்தப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். நெற்றிக் காற்றறை இடப்பக்கம் மட்டும்தான் இருந்தது, சேவல் கொண்டை மாதிரி மூன்று மேடு. வலப்பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் எலும்பு. சிலருக்கு அப்படி இருக்கும். பாதி அறை இல்லாத மண்டையின் அகலத்தை அளந்தால் எப்படி ஆணுக்கு உள்ள அளவு வரும்? அவர் அதைச் சொல்ல வாயெடுத்தார். "நீர் படத்தை எடும்" என்று ஆரம்பித்தார் கார்த்திகேசு. அத்தோடு இவர் வாயை மூடிக்கொண்டார்.

தோட்டத்தில் அதற்குள் வேறு கதை ஓடியது. பழைய சனங்களில் பத்துக் குடும்பம்தான் செம்பனையில் வேலைக்கு நின்றிருந்தது. கேட்பாரில்லாமல் ஒரு பெண் அல்லூரில் செத்துக் கிடந்திருக்கிறாள், அந்த ஆத்மா சும்மா விடுமா என்று பயம். அப்பாவு போலீஸில் எழுதிக் கொடுத்து மண்டையோட்டை வாங்கிப்போய், கால்வாய்க் கரையில் புதைத்து, மேலே ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, சிவப்புச் சேலை கட்டிவிட்டார். அடுத்த வாரம் ஒருவனுக்கு நாலு நம்பர் லாட்டரி அடித்தது. அவ்வளவுதான். அல்லூர் அம்மன் ஆகிவிட்டது. பெண்கள் வந்து வளையல் மாட்டினார்கள். கருப்பம்மாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு டஜன் பச்சை வளையல் மாட்டிவிட்டு வந்தாள்.

"என்னா வேண்டிக்கிட்ட?" என்று சதாசிவம் விளையாட்டாகக் கேட்டார்.

"அந்த ஆளு எங்க இருந்தாலும் ஒரு வா சோத்துக்கு வழியில்லாம, நாய் படாத பாடு படணும்னு வேண்டிக்கிட்டேன். அம்மன் சக்தி உள்ளவ லா. கேப்பா."

அவள் அதைச் சிரிக்காமல் சொன்னாள். அன்றிலிருந்துதான் சதாசிவம் அளக்க ஆரம்பித்தார். பகல் சாப்பாட்டு நேரத்தில் பழைய படக்கட்டை இறக்கி, தோட்டத்துத் தமிழ் ஆண்களின் தலைப்படமாகப் பார்த்துப் பொறுக்கி, ஒரு கையில் அளவுகோலும் மறுகையில் மனைவி கட்டிக்கொடுத்த சோறுமாக உட்கார்ந்தார். ஒரு மாதம் போயிற்று. நாற்பத்தொரு ஆண்கள். டாக்டரின் அட்டவணைப்படி அவர்களில் பதினேழு பேர் பெண்கள். வெள்ளைக்காரத் தலைகளை அளந்து போட்ட அட்டவணை அது. பால் மரம் வெட்டியவன் தலைக்கும் வெள்ளைக்காரன் தலைக்கும் ஒரே சட்டை எப்படிப் பொருந்தும்? கடைசியில்தான் தன் தலையையும் படம் எடுத்தார்.

அந்தப் படத்தின் பெயரை மறைத்து, காலை முதல் வேலையாக டாக்டரின் விளக்குப் பெட்டியில் மாட்டினார். "டாக்டர், இது ஆணா பெண்ணான்னு கொஞ்சம் பாக்கணும்."

கார்த்திகேசு உற்சாகமாக அளந்தார். "பெண்தான். சந்தேகமே இல்லை."

"அது நான்தான், டாக்டர்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய காது மடல் சிவந்துவிட்டது. சதாசிவம் நாற்பத்தொரு பேர் கணக்கையும் எடுத்து மேசைமேல் வைத்தார். டாக்டர் நெடுநேரம் அதைப் புரட்டினார்.

"நல்லாத்தான் அளந்திருக்கிறீர். சரி, அந்த மண்டையோட்டை வைச்சு ஆணெண்டும் சொல்ல ஏலாது, பெண்ணெண்டும் சொல்ல ஏலாது. அவ்வளவுதானே இதுக்கு அர்த்தம்? அந்த மனுசியின்ர புருசன்தான் எண்டு இது சொல்லுமோ?"

சொல்லாது. சதாசிவத்துக்கு அதுதான் தாங்கவில்லை. ஒரு மாதம் சோற்றையும் அளவுகோலையும் சேர்த்துப் பிசைந்து, தன்னைத் தானே பெண்ணாக்கிக்கொண்டு, கடைசியில் கண்டுபிடித்தது ஒன்றும் தெரியாது என்பதைத்தான். எழுந்து போகப் பார்த்தார். டாக்டர்தான் நிறுத்தினார்.

"நெத்திச் சைனஸ் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. கைரேகை மாதிரி எண்டு வையும். உயிரோட இருக்கேக்க எடுத்த படம் ஒண்டு இருந்தால் கொண்டு வாரும். பக்கத்தில பக்கத்தில வைச்சால் குழந்தைப்பிள்ளையும் சொல்லிப்போடும்."

சதாசிவம் ஓட்டமும் நடையுமாகப் போய்க் கருப்பம்மாளை மாடிப்படியில் பிடித்தார். "ஒன் வீட்டுக்காரருக்கு எப்பவாச்சும் தலையப் படம் புடிச்சிருக்காங்களா? எக்ஸ்ரே?"

"புடிச்சாங்களே. எழுபத்தொன்னுல. ஓயாம மண்டக்குத்துன்னு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் இங்கதான் அனுப்பிவிட்டாரு. படத்தக் கையிலயே குடுத்துட்டாங்க."

இங்கேதான் என்றால் சதாசிவமே எடுத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலேயே படங்களைச் சேர்த்து வைக்கத் தொடங்காத அந்தக் காலத்தில், தோட்டத்து நோயாளிகளின் படத்தை அவர்கள் கையிலேயே கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கம். "அது எங்க? பத்திரமா இருக்கா?"

"இருக்குண்ணே." கொஞ்சம் தயங்கினாள். "கொஞ்சம் இருக்கு."

"கொஞ்சம்னா?"

"எண்பத்து மூணுல கிரகணம் வந்துச்சில்ல. வெறுங்கண்ணால சூரியனப் பாத்தா கண்ணு போயிரும், எக்ஸ்ரே படம் இருந்தா அது வழியாப் பாருங்கன்னு ஸ்கூல் வாத்தியாரு சொன்னாரு. லயத்துலயே எங்க வீட்ல மட்டுந்தான் படம் இருந்துச்சு. புள்ளைங்க எல்லாம் வாசல்ல வந்து நின்னுருச்சு. நாலாக் கிழிச்சு... கத்தரிக்கோல் போட்டு நாலா வெட்டிக் குடுத்துட்டேன்."

சதாசிவம் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது காணாமல் போனவனின் ஒரே அடையாளத்தை வெட்டிக் கிரகணம் பார்த்திருப்பார்களா? அவளைத் திட்ட வாய்வரை வந்தது. ஆனால் ஓடிப்போனவனின் மண்டைப் படத்தைச் சாமி படம் மாதிரி மாட்டியா வைத்திருப்பாள் என்றும் தோன்றியது.

மறுநாள் அவள் தன் வீட்டிலிருந்த துண்டைக் கொண்டுவந்தாள். மேல்துண்டு. மூலையில் பெயர் இருந்தது, தேதி இருந்தது, உச்சந்தலை இருந்தது. நெற்றி இல்லை. நெற்றிக்கு ஒரு விரல்கடை மேலேயே கத்தரிக்கோல் போயிருந்தது.

"அடுத்த துண்டு யாருகிட்ட?"

"மாரியம்மாகிட்ட. பக்கத்து வீடு. இப்ப பாகான் டத்தோவுல தென்னந்தோப்பு வேலைக்குப் போயிட்டா."

ஞாயிற்றுக்கிழமை விடியக் கிளம்பி, மூன்று பஸ் மாறி, பாகான் டத்தோவில் இறங்கி, உப்புக்காற்றில் இரண்டு மைல் நடந்தார்கள். மாரியம்மாவுக்குக் கருப்பம்மாளைப் பார்த்ததில் ஏகப்பட்ட சந்தோஷம். காப்பி கலக்கினாள், கோழி அடிக்கிறேன் என்றாள், ஊர்க்கதை எல்லாம் கேட்டாள். எக்ஸ்ரே துண்டைப் பற்றி மட்டும் அவளுக்கு ஞாபகமே இல்லை.

"அதெல்லாம் எங்க இருக்கப் போவுதுக்கா? மாறி வரும்போது எத்தன சாமான தூக்கிப் போட்டோம்."

சதாசிவம் மேசையில் கையை ஊன்றிக்கொண்டார். இப்படியே எழுந்து கடலில் போய் விழுந்துவிடலாம் என்று இருந்தது. கோழி அடிப்பதில் மும்முரமாக மாரியம்மா பின்பக்கம் போய்க் கூட்டைத் திறந்தாள். கூட்டுக் கதவின் ஓட்டையை அடைத்துக் கறுப்பாக ஒன்று ஆணியடித்திருந்தது. அதன் வழியே வெயில் பட்டபோது இரண்டு கண்குழி தெரிந்தது.

"அட, இதா?" என்றாள் மாரியம்மா. "கீரிப்புள்ள பூந்துருதுன்னு அடிச்சு வச்சேன்."

சதாசிவம் தன் சட்டையாலேயே கோழிப் பீயைத் துடைத்தார். ஒரு ஆணி கண்குழி வழியாகப் போயிருந்தது. நல்லவேளை, நெற்றியில் படவில்லை. வானத்தை நோக்கிப் பிடித்தார். இடப்பக்கம் சேவல் கொண்டை, மூன்று மேடு. வலப்பக்கம் வெறும் எலும்பு.

கருப்பம்மாள் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் டாக்டர் சொல்லட்டும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வாயைக் கட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை டாக்டர் கார்த்திகேசு இரண்டு துண்டையும் விளக்குப் பெட்டியில் சேர்த்து வைத்தார். மொட்டைக் கத்தரிக்கோல் கோணலாக வெட்டிய விளிம்புகள் பல்லோடு பல் பொருந்தின. ஆகவே பெயர் இருந்த துண்டும் நெற்றி இருந்த துண்டும் ஒரே படம், அது பத்துமலையின் படம். பக்கத்தில் மண்டையோட்டின் படத்தை மாட்டினார். மேட்டுக்கு மேடு, வளைவுக்கு வளைவு அப்படியே இருந்தது.

"ஓம், அதேதான்" என்றார். பிறகு நாற்காலியைத் திருப்பி, வாசலில் துடைப்பத்தோடு நின்ற கருப்பம்மாளை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். "அம்மா, அது உம்மட புருசன்தான். நான் பிழையா எழுதிப்போட்டன்."

அவள் அழவில்லை. எதையோ எண்ணிப் பார்ப்பவள் மாதிரி நின்றாள். பிறகு திடீரென்று சதாசிவத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அப்ப நான் யாருகிட்டண்ணே போயி வேண்டிக்கிட்டேன்? நாய் படாத பாடு படணும்னு அவருகிட்டயே போயி, அவரு தலமாட்டுலயே நின்னு கேட்டேனே..."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தாழ்வாரத்தில் போன நர்சுகள் நின்று பார்க்கும்படி அழுதாள். சதாசிவம் என்ன செய்வது என்று தெரியாமல் அவளுடைய துடைப்பத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் புதுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். போலீஸில் மரியாதையாகத்தான் பேசினார்கள். மரணப் பத்திரத்துக்கு ஏற்பாடு செய்யலாம், நாளாகும். தோண்டி எடுப்பதென்றால் புதைத்தவர்கள் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்றார்கள். புதைத்தவர் அப்பாவு.

அடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் ஏழாங்கட்டைக்குப் போனார்கள். கருப்பம்மாள் பையில் ஒரு வெள்ளை வேட்டியும் ஒரு துண்டும் வைத்திருந்தாள். போய்ப் பார்த்தால் கால்வாய்க் கரையில் தகரக் கொட்டகையே போட்டிருந்தார்கள். கல்லுக்கு முகம் எழுதி, மூக்குத்தி வைத்திருந்தார்கள். சிவப்புச் சேலையில் சரிகை பளபளத்தது. பக்கத்து மரக்கிளையில் நூறு டஜன் வளையல் இருக்கும். வெள்ளிக்கிழமை என்பதால் நல்ல கூட்டம். அப்பாவு நெற்றி நிறையக் குங்குமத்தோடு தட்டை ஏந்திக்கொண்டிருந்தார்.

சதாசிவம் கடிதத்தை நீட்டினார். அப்பாவு அதைத் தொடவில்லை.

"மொத வந்த சூராட்டுக் கடுதாசி பொம்பளைன்னு சொல்லுச்சு. இந்தச் சூராட்டு ஆம்பளைங்குது. அடுத்த மாசம் ஆடுன்னு ஒன்னு வரும். நாங்க எத நம்புறது லா?"

"அதே டாக்டர்தான்யா, தப்பா எழுதிட்டேன்னு எழுதியிருக்காரு! படம் இருக்கு, பொருந்துது. கண்ணத் தொறந்து பாருங்க" என்று கத்தினார் சதாசிவம்.

"கண்ண எப்பவோ தொறந்து பாத்தாச்சு. பத்துமல சயாம்காரியோட பஸ் ஏறினத இந்தக் கண்ணால பாத்தவன் நான். பஸ்ஸு ஏறினவன் தல எப்படி இங்க வரும்?"

அங்கேதான் இருந்தது முடிச்சு. கல்லுக்கு அடியில் இருப்பது பத்துமலை என்றால், பன்னிரண்டு வருடமாக அப்பாவு சொன்னது பொய். அந்த மனிதர் கோயிலை விட்டாலும் விடுவார், அந்தப் பஸ்ஸை விடமாட்டார். சதாசிவத்துக்கு அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

கருப்பம்மாள் யாரையும் பார்க்காமல் கல்லிடம் போய்ச் சேலை முடிச்சில் கை வைத்தாள். உடனே நாலைந்து பெண்கள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அக்கா, அம்மன் மேல கை வைக்காதீங்க. எம் மவளுக்குக் காய்ச்சல் எறங்கினதே இவளாலதான்."

"அம்மன் இல்ல லா. எம் புருசன்."

அவர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஓடிப்போனவனை நினைத்து மூளை கலங்கிவிட்டது என்ற பார்வை. பின்னால் யாரோ தஞ்சோங் ரம்புத்தான் என்று கிசுகிசுத்தது சதாசிவத்தின் காதில் விழுந்தது. பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கும் ஊர். அவர் கடிதத்தை எடுத்து உரக்க வாசிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்தில் இருந்த அந்தக் கடிதம் அங்கே ஒருவருக்கும் புரியவில்லை. மந்திரம் வாசிக்கிறார் என்று நினைத்து ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சதாசிவத்துக்குக் கண்ணீரே வந்துவிட்டது. துக்கத்தால் இல்லை, ஆத்திரத்தால்.

"விடுங்கண்ணே" என்றாள் கருப்பம்மாள். "போதும்."

அவள் கையை அந்தப் பெண்களிடமிருந்து மெதுவாக விடுவித்துக்கொண்டாள். சேலையைத் தொடவில்லை. கிளையில் தேடித் தன் பச்சை வளையல்களைக் கழற்றினாள், ஒன்றுவிடாமல் எண்ணிப் பன்னிரண்டு. அவற்றைக் கல்லின் ஓரத்தில் தட்டி உடைத்தாள். பிறகு கழுத்தில் கை விட்டுத் தாலியைக் கழற்றிக் கல்லின் காலடியில் வைத்தாள். பையிலிருந்த வேட்டியை நாலாக மடித்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

அப்பாவுவின் கண்ணில் தாலி மட்டும்தான் பட்டது. "பாத்தீங்களா, அம்மனுக்குத் தாலியே காணிக்க குடுத்துட்டா! புத்தி தெளிஞ்சிருச்சு. போடுங்கம்மா கொலவ" என்றார். பெண்கள் குலவையிட்டார்கள்.

"அது காணிக்கை இல்லய்யா!" என்று சதாசிவம் பாய்ந்தார். கருப்பம்மாள் அவருடைய முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு குனிந்து, அந்த மூக்குத்தி போட்ட கல்லின் காதோரம் வாயை வைத்து, பக்கத்தில் நின்ற சதாசிவத்துக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"என்னங்க, நீங்க ஓடலைன்னு எனக்குத் தெரிஞ்சிருச்சு. அன்னிக்கு நான் வேண்டிக்கிட்டத மனசுல வச்சுக்காதீங்க."

குலவைச் சத்தம் இன்னும் ஓயவில்லை. சதாசிவம் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கடைசிப் பஸ் போய்விடும் என்று அவளைக் கூப்பிட்டார்.